ஆறாவது ஓட்டம்

முகத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு, பேச்சைக் கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. மங்கையர்க்கரசி கால்களிடம் ஏமாந்தவள். பதினைந்து வருடமாகக் கால்பந்தாட்டக்காரர்களை ஓடவிட்டு அளப்பதுதான் அவளுக்கு வேலை. இத்தனை வருடத்தில் ஒரு கால்கூட அவளிடம் முழு உண்மையைச் சொன்னதில்லை.

சோதனை என்னவோ எளிமையானதுதான். முப்பத்தைந்து மீட்டர் தூரத்தை உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். பத்து நொடி நிற்கலாம். மறுபடி ஓட வேண்டும். இப்படி ஆறு தடவை. தொண்ணூறு நிமிடம் ஆடினாலும் கோல் விழுவது நாலைந்து நொடிப் பாய்ச்சலில்தானே? அந்தப் பாய்ச்சலுக்கு மூச்சுக்காற்று வந்து கைகொடுக்க நேரம் கிடையாது. தசை தன்னிடம் இருப்பதை எடுத்து எரித்துத்தான் ஆக வேண்டும். அது எவ்வளவு வேகமாக எரிகிறது, எத்தனை சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்பதை அந்த ஆறு ஓட்டத்தின் நேரத்தையும் ஓடுகிறவனின் எடையையும் வைத்துக் கணித்துவிடலாம். காகிதத்தில் கணக்கு சுத்தமாக இருக்கும். மைதானத்தில்தான் தகராறு.

தகராறு ஆறாவது ஓட்டத்தில் வரும். முதல் ஓட்டம் சீறும், இரண்டாவது கொஞ்சம் இறங்கும், ஐந்தாவதில் ஆள் ஏறக்குறைய தவழ்ந்து வருவான், முகம் செத்துப்போயிருக்கும். அடுத்த பத்தாவது நொடியில், இதுதான் கடைசி என்று தெரிந்ததும், எங்கிருந்துதான் வருமோ ஒரு துள்ளல், ஐந்தாவதைவிட வேகமாக ஓடி முடிப்பான். ஐந்தில் செத்தவன் ஆறில் உயிர்த்தெழுந்த கதை எல்லா விளையாட்டுக்காரனிடமும் நடந்தது. அப்படியானால் முதல் ஐந்திலும் அவன் எதையோ எடுத்து ஒளித்து வைத்திருந்தான் என்றுதானே அர்த்தம்? வேண்டுமென்று செய்ததில்லை. அவன் உடம்பு அவனுக்கே சொல்லாமல் செய்கிற வேலை அது.

"நாம அளக்குறது அவங்க கிட்ட இருக்கிறதை இல்ல, அவங்க குடுக்க மனசு வெச்சதை" என்று ஒரு கருத்தரங்கில் மங்கை பேசினாள். பேசியதோடு விட்டிருக்கலாம். அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு கம்பெனியின் ஆட்கள் இரண்டு வருடத்தில் ஒரு பட்டையோடு வந்து நின்றார்கள். பிடரியில் கட்டிக்கொள்கிற, லேசாக மின்சாரம் பாய்ச்சுகிற, உள்ளங்கை அகலப் பட்டை. அதைக் கட்டி ஓடவிட்டால் ஒளித்துவைக்கிற வேலையே நடக்காது. கட்டாமல் ஓடியதற்கும் கட்டிக்கொண்டு ஓடியதற்கும் உள்ள வித்தியாசம்தான் அவன் பதுக்கியது. அதற்கு வடகரை கால்பந்துக் கழகத்தில் 'மிச்சம்' என்று பெயர் வந்தது. மங்கைக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம். பதினைந்து வருடப் பொய்க்கு ஒரு முடிவு வந்ததே என்று கம்பெனிக்காரர்களுக்குத் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தாள்.

பட்டையை முதலில் கட்டிப் பார்த்தது ஆட்டக்காரர் யாரும் இல்லை, பயிற்சியாளர் சிகாமணி. ஐம்பதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் வியாசர்பாடி அணியின் வலதுபுறக் காவல். அவரிடம் ஒரு பழைய புண் இருந்தது. ஒரு இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அவரைத் தாண்டிப் பந்தோடு போய்விட்டான். சிகாமணி துரத்தவில்லை. கோப்பை போயிற்று. "கால்ல ஒரு சொட்டு கூட இல்ல மேடம், இருந்திருந்தா வுட்டிருப்பனா?" என்று எல்லோரிடமும் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருடம் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்.

விளையாட்டுக்கு என்று சொல்லிச் சைக்கிளில் ஏறி, பட்டையில்லாமல் அரை நிமிடம் மிதித்தார். பிறகு பட்டையோடு அரை நிமிடம் மிதித்தார். திரையில் மிச்சம் இருபத்திரண்டு சதவீதம் என்று வந்தது. சுற்றி நின்ற பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சிகாமணி சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தார்.

"மேடம், இது இப்போ இருக்குதுன்னா, அன்னிக்கும் இருந்திருக்கும்ல?"

"எல்லாருக்கும் இருக்கும் சார். அது இருந்தாத்தான் உடம்பு நிக்கும்."

"இருந்துச்சு. இருந்தும் நான் ஓடல" என்றார் சிகாமணி. அன்றைக்குப் போனது அவர் தூக்கம்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் உடை மாற்றும் அறையில் நின்று ஒவ்வொருவனின் மிச்சத்தையும் உரக்கச் சொல்வார். பதினெட்டு, பதினாறு, இருபது. சொல்லும்போது திருடனைப் பார்க்கிற பார்வை பார்ப்பார். கழகம் சோறு போடுகிறது, சம்பளம் கொடுக்கிறது, இவன் நூற்றுக்குப் பதினெட்டைப் பதுக்கி வீட்டுக்கு எடுத்துப்போகிறான் என்பது அவர் கணக்கு. முதல் பதினோரு பேரில் இடம் வேண்டுமென்றால் மிச்சம் ஐந்துக்குக் கீழே வரவேண்டும் என்று விதி வைத்தார்கள். பட்டையைக் கட்டித் திரும்பத் திரும்ப ஓடினால் உடம்பு மெல்லப் பழகிக்கொண்டு, பட்டையில்லாமலே பதுக்குவதைக் குறைத்துக்கொண்டது. அதற்காக வாரம் மூன்று நாள் பட்டைப் பயிற்சி வந்தது. மற்றக் கழகங்களும் சும்மா இருக்குமா? வாங்கின. வியாசர்பாடித் தெருக்களில் சோம்பேறியைத் திட்டுவதற்கு 'மிச்சக்காரன்' என்று ஒரு புது வசவு முளைத்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற ஒரு கான்ட்ராக்டர் மங்கைக்குப் போன் போட்டு, "மேடம், அந்தப் பட்டை நம்ம லோடுமேனுங்களுக்கு செட் ஆகுமா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அவளுக்கு மெல்லப் புரியத் தொடங்கியிருந்தது.

முழுக்கப் புரியவைத்தவன் தணிகை. நடுக்களத்தில் ஆடுகிறவன், மிச்சத்தை மூன்றுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் சபாஷ் வாங்கியவன். கோடையில் ஒரு பயிற்சி முடிந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிருக்கிறது. வலியில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வந்து ஓடினான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, உடைந்து கரைந்த தசை சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்றார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ். அவன் போதுமான தண்ணீர் குடிக்கவில்லை என்று கழகம் அறிக்கை விட்டது.

இந்த நிலையில்தான் ஒரு மத்தியான வெயிலில் ஜெயசீலியின் ஆட்டோ பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றது. ஜெயசீலி எபிநேசரின் மனைவி. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். எபி முன்களத்தில் ஆடுகிறவன், தணிகையின் கூட்டாளி. மிச்சம் பத்தொன்பதில் ஆரம்பித்தவன் போன மாதம் ஒன்பதுக்கு வந்திருந்தான். சனிக்கிழமை அவனுக்குக் கடைசிச் சோதனை. ஐந்துக்குக் கீழே வந்தால் இந்தப் பருவம் முழுக்க முதல் பதினொன்றில் இடம். வராவிட்டால் வெளியே.

"அந்தப் பட்டை இன்னாக்கா பண்ணுது?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

மங்கை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஸ்கூல் வேன்ல ஸ்பீடு கவர்னர் வெச்சிருப்பாங்கல்ல, அது தெரியும்ல உனக்கு?"

"தெரியும். எவ்ளோ மெறிச்சாலும் போவாது."

"எஞ்சின்ல பலம் இருக்கும், ஆனா கவர்னர் விடாது. நம்ம மூளையும் அப்படி ஒண்ணு வெச்சிருக்கு. இதுக்கு மேல ஓடினா ஆபத்துன்னு அதுக்குத் தோணினா, களைச்சுப்போச்சு, வலிக்குது, நில்லுன்னு சொல்லும். நிஜத்துல அப்பவும் கொஞ்சம் பலம் பாக்கி இருக்கும். பட்டை அந்தக் குரலை ரெண்டு நிமிஷம் வாயடைக்குது, அவ்வளவுதான்."

"ரெண்டு நிமிஷத்துக்கு அப்பால?"

"திரும்பி வந்துடும்."

"அவருக்கு வந்துச்சாக்கா?" என்றாள் ஜெயசீலி.

ஜெயசீலியே சொல்ல ஆரம்பித்தாள்.

"நேத்து சவாரி முடிச்சுட்டு சாய்ங்காலம் வர்றேன். பாப்பாவ தோள்ல போட்டுனு நின்னுனுகீறாரு. எப்பத்துலர்ந்துன்னா, மத்தியானம் அது தூங்கனதுலர்ந்தாம். கையி ரெண்டும் வெடவெடன்னு ஆடுதுக்கா. கையி வலிக்கலையான்னு கேட்டா, இல்லியேன்றாரு. சத்தியமா வலிக்கலன்றாரு. நான் வாங்கறதுக்குள்ள கையி தானா வுட்ருச்சு. கட்டில் மேல வுழுந்ததால புள்ள தப்பிச்சுது." கண்ணைத் துடைக்காமல் அப்படியே தொடர்ந்தாள். "ராத்திரி சோத்துப் பானைய வழிச்சுத் தொடச்சு வெக்கக்கூடாது, ஒரு கைப்பிடியாவது வுட்டு வெக்கணும்னு எங்கம்மா சொல்லும். இந்த மனுசன் பானையத் தொடச்சுட்டாருக்கா. நீங்க ஒரு வார்த்தை வாணாம்னு சொல்லுங்க. உங்க பேச்ச மட்டுந்தான் கேப்பாரு."

அவள் போன பிறகு மங்கை எபியைக் கூப்பிட்டுவிட்டாள். இருபத்து மூன்று வயது, நாற்காலியில் உட்காரத் தெரியாத பையன். உட்கார்ந்தாலும் ஒரு கால் பந்தைத் தேடிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு அந்தக் கால் ஆடாமல் இருந்தது.

"தணிகையைப் போய்ப் பார்த்தியா எபி?"

"பாத்தேன்க்கா. அழுதுட்டேன். ஆனா அவனே சொல்றான்க்கா, அந்த மூணு மாசம் ஆடின மாதிரி எப்பவும் ஆடினதில்லன்னு."

"உனக்குக் களைப்பு தெரியுதா? உண்மையைச் சொல்லு."

"களைப்பா?" எபி சிரித்தான். "அதத்தானக்கா தொலைக்கச் சொன்னாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எபி முன்னால் குனிந்து ஆசையோடு பேசினான்.

"சின்ன வயசுலர்ந்து பாதி ஆட்டத்துக்கு மேல எனக்கு நெஞ்ச அடைக்கும்க்கா. பந்து அங்க போவும், மனசு கூடவே போவும், காலு வராது. எவ்ளோ அழுதிருக்கேன் தெரியுமா? இப்போ கிரவுண்டு முழுக்க என்னுது. ஜெயா பயப்படுது, எனக்குத் தெரியும். இங்க எடுக்கலன்னா வேற டீம்ல கூப்புடுறாங்க. அங்கயும் பட்டை கீது. உங்கள மாதிரி ஒரு அக்காதான் அங்க இல்ல."

அவன் சொன்னது மிரட்டல் இல்லை, அப்பட்டமான உண்மை. அவனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால் இங்கிருந்து துரத்துவார்கள். அவன் அங்கே போய் ஓடுவான். ஓடுவதை யாராலும் நிறுத்த முடியாது, பட்டைப் பயிற்சியை மட்டும் நிறுத்தலாம். அதை நிறுத்த ஒரே வழி, மிச்சம் தீர்ந்துவிட்டது, இனிப் பயிற்சி வேண்டாம் என்று காட்டுவது. இரண்டு நாள் புரண்டு புரண்டு யோசித்து மங்கை ஒரு முடிவுக்கு வந்தாள். விதிப்படி சனிக்கிழமை காலை பட்டையோடு ஆறு ஓட்டம், சாயங்காலம் பட்டையில்லாமல் ஆறு ஓட்டம். காலையில் பட்டையில் மின்சாரத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டால்? பச்சை விளக்கு எரியும், லேசாக உறுமவும் செய்யும். ஆனால் எதையும் வாயடைக்காது. அப்போது இரண்டு ஓட்டமும் ஒன்றுதான், இரண்டிலும் அவன் பதுக்குவான், வித்தியாசம் வராது. உச்சம் கொஞ்சம் குறைந்து தெரியும், பரவாயில்லை. இடம் கிடைக்கும், பட்டை போகும், நாலைந்து மாதத்தில் அந்தக் குரல் மறுபடி துளிர்க்கும். கால்களின் பொய்யைப் பிடிக்கப் புறப்பட்டவள், கால்களுக்காகப் பொய் சொல்லத் துணிந்தாள்.

சனிக்கிழமை காலை பட்டையை எபியின் பிடரியில் கட்டும்போது மங்கை கருவியை உடம்பால் மறைத்துக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். சிகாமணி பத்தடி தள்ளி விசிலோடு நின்றுகொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது.

எபி ஓடினான். ஆறு ஓட்டமும் முடிந்து திரையில் எண் வந்தபோது மங்கை அதைப் படித்தாள். பிறகு போன மாதத்து எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். போன மாதம் பட்டை முழு மின்சாரத்தில் இருந்தபோது அவன் தொட்ட உச்சம் எதுவோ, அதுவேதான் இப்போதும் வந்திருந்தது. கொஞ்சமும் குறையவில்லை. மின்சாரத்தை மறந்துபோய் ஏற்றிவிட்டோமோ என்று கருவியைத் திறந்து பார்த்தாள். பூஜ்யத்தில்தான் இருந்தது. பட்டையைத் தன் பிடரியிலேயே வைத்து அழுத்திப் பார்த்தாள். வெறும் உறுமல்தான், ஒன்றும் இல்லை.

"எப்படி மேடம்?" என்றார் சிகாமணி.

"போன தடவை மாதிரியேதான் சார்" என்றாள். அது பொய்யில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

மத்தியானம் ஒரு நம்பிக்கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பட்டை வேலை செய்கிறது என்று எபி நம்பினான், அந்த நம்பிக்கையே அவனை ஓட்டியிருக்கும். வெறும் சர்க்கரை மாத்திரையைத் தின்றுவிட்டுத் தலைவலி போயிற்று என்று சொல்கிறவர்கள் இல்லையா? சாயங்காலம் பிடரியில் எதுவும் இருக்காது. எதுவும் இல்லை என்று அவனுக்கே தெரியும். அப்போது அந்தக் குரல் வரும், கட்டாயம் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் எபி கோட்டில் வந்து நின்றான். வெறும் பிடரி. மங்கை திரையைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள். முதல் ஓட்டம் சீறியது. இரண்டு, மூன்று, நான்கு. தசையில் இருப்பது தீரத் தீர வேகம் படிப்படியாக இறங்கியது, அது இயற்கை. ஐந்தாவதில் கால்கள் இழுத்தன. முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் முகம்போல இருந்தது.

"இப்ப கடைசி எபி!" என்று மங்கை கத்தினாள். விதிப்படி அப்படிக் கத்தக்கூடாது. அவளுக்கு அந்தத் துள்ளல் வேண்டியிருந்தது. பதினைந்து வருடம் எந்தப் பொய்யைச் சபித்தாளோ அந்தப் பொய் இப்போது வேண்டியிருந்தது. கொஞ்சம் பதுக்கியிருக்கக்கூடாதா, ஏமாற்றேன்டா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

ஆறாவது ஓட்டம் ஐந்தாவதைவிட மெதுவாக முடிந்தது. துள்ளல் இல்லை. துள்ளுவதற்கு அவனிடம் எதுவும் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கவில்லை.

"பூஜ்யம்!" என்று சிகாமணி திரையைப் பார்த்துக் கூவினார். ஓடிப்போய் எபியைக் கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "மிச்சம் பூஜ்யம்டா! இந்த லீக்லயே எவனும் தொட்டதில்ல!" அவர் கண்ணில் நீர் நின்றது. எபி குழந்தைபோலச் சிரித்தான்.

சிகாமணி அறைக்குத் திரும்பியதும் மங்கை கதவைச் சாத்தினாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். காலையில அந்தப் பட்டையில கரண்டே இல்ல. நான்தான் பூஜ்யத்துல வெச்சேன்."

"புரியல மேடம்."

"மிச்சம் இல்லன்னு காட்டி அவனை உங்க பட்டைப் பயிற்சியிலேர்ந்து காப்பாத்தலாம்னு நெனச்சேன். தப்புத்தான், என்னை வேலையை விட்டு எடுங்க. ஆனா நான் பொய் சொல்றதுக்கே வேலை இல்லாமப் போச்சு சார். ரெண்டு தடவையும் அவன் வெறும் பிடரியோடதான் ஓடியிருக்கான், அப்படியும் போன மாசம் முழு கரண்ட்ல தொட்ட உச்சத்தைத் தொட்டிருக்கான். நில்லுன்னு சொல்றதுக்கு அவனுக்குள்ள இப்போ ஆளே இல்ல. தணிகைக்கு மூணு சதவீதமாவது மிச்சம் இருந்துச்சு. இவனுக்கு அதுவும் இல்ல."

கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். சிகாமணி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்போ அவன் தானாவே ஓடினான்" என்றார். "எவனும் எதையும் அடைக்காம, தானாவே, முழுசா. எனக்கு அந்த ஒரு நிமிஷம் கெடைக்கலியே மேடம்."

"சார், அவன் செத்துப்போவான்."

"அப்டி வுட்ருவனா? என் புள்ள மாதிரி அவன். தண்ணி அளந்து குடுப்போம், தெனம் ரத்தம் எடுத்துப் பாப்போம். நிறுத்தணும்னா நான் நிறுத்துறேன். அதுக்குத்தானே கோட்டுக்கு வெளிய கோச்சுன்னு ஒருத்தன் நிக்கிறான்?" அவர் குரலில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார். "மேடம், இவனுக்கு மொத்தம் எத்தனை வாரம் பட்டை போட்டோம்? மத்த பசங்களுக்கும் அதே கணக்கு போதும்ல?"

"நான் லீக்குக்கு எழுதப்போறேன். நடந்ததை ஒரு வரி விடாம எழுதப்போறேன்."

"எழுதுங்க மேடம். மிச்சம் பூஜ்யம்னு எழுதுங்க. அதுதானே உண்மை?"

அவனைக் காப்பாற்றுவதற்காக அவள் சொல்ல நினைத்த பொய்யிலும் அந்த வரிதான் இருந்தது, இப்போது எழுதப்போகிற உண்மையிலும் அதே வரிதான். எதை எழுதினாலும் அவனை எடுத்துக்கொள்வார்கள். கிணறு வெட்டக் கிளம்பிய பூதம் இப்போது அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மைதானத்தில் மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். எபி மட்டும் அந்த முப்பத்தைந்து மீட்டரில் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தான். சிகாமணி இறக்கிவிட்ட நேரத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான் போல. கால்கள் தாறுமாறாக விழுந்தன, ஒரு தடவை விழப்போய்ச் சமாளித்து மறுபடி ஓடினான்.

"எபி! நில்லு!"

சட்டென்று நின்றான். மங்கை ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. கெண்டைக்கால் தசை தோலுக்குள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. முகம் மட்டும் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு வந்தவன் முகமாக இருந்தது.

"இன்னாக்கா, பாஸ்தான?"

"சோதனை முடிஞ்சுபோச்சே, ஏன்டா இன்னும் ஓடற?"

"யாரும் போதும்னு சொல்லலியேக்கா" என்றான் எபி.

"போதும். நான் சொல்றேன், போதும். உட்காரு." அவன் மறுபேச்சில்லாமல் புல்லில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், பிடித்த கையை விடவில்லை. ஜெயசீலிக்குப் போன் போட வேண்டும், இவனை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நாளைக்கு என்ன, நாளை மறுநாளுக்கு என்ன என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

அப்போது பின்னால் விசில் கேட்டது. அறை வாசலில் சிகாமணி நின்றிருந்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார்.

"எபி! எனக்காக ஒண்ணே ஒண்ணு. கடைசியா ஒரு தடவை ஓடிக் காட்டுடா!"

எபி எழுந்திருக்கக் கையை ஊன்றினான். மங்கை மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துத் தலையை ஆட்டினாள். அவன் அப்படியே பாதியில் நின்று அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அவரைப் பார்த்தான்.

"ரெண்டு பேருல யாரு சொல்றதக் கேக்கணும்க்கா?" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.